பின்னால் நிற்க ஒரு ஆள்

மே, ஜூன் வந்தால் போதும், விஸ்காமும் ஜர்னலிசமும் முடித்த பிள்ளைகளிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வர ஆரம்பித்துவிடும். "மேம், பி.ஆர். லைனுக்கு வரலாம்னு இருக்கேன். எங்க சேர்ந்தா நல்லது?" இதில் பாதிப் பேர் பி.ஆர். என்றால் நடிகர்களுக்கு பி.ஆர்.ஓ. ஆவது என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அப்படி நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. நம் ஊரில் இந்தத் தொழிலை ஜனங்கள் அறிந்ததே சினிமா வழியாகத்தான். 1958-இல் 'நாடோடி மன்னன்' வந்தபோது எம்.ஜி.ஆர். படத்தின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். எந்தப் படம் எப்போது வந்தது, யார் நடித்தார்கள் என்று அவர் சேர்த்து வைத்த குறிப்புகளும் ஸ்டில்களும் இல்லாமல் தமிழ் சினிமா வரலாற்றை இன்று எழுதிவிட முடியாது. தகவலைச் சரியாக வைத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் மரியாதை என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த ஏஜென்சி என்பதைவிட, யாருக்குக் கீழே வேலை பார்க்கப்போகிறாய் என்பதை நன்றாக விசாரித்துக்கொள். பெரிய பெயர், கண்ணாடிக் கட்டடம், வெளிநாட்டு க்ளையன்ட் எல்லாம் இருக்கட்டும். உன் டீம் லீட் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிற ஆளா, சிக்கல் வந்தால் உனக்குப் பின்னால் நிற்கிற ஆளா என்று கேட்டுத் தெரிந்துகொள். இதைச் சின்னவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இங்கே சீனியர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன். என்னோடு இந்தத் தொழிலில் வளர்ந்தவர்கள்தான் இன்று சென்னையில் டீம் நடத்துகிறார்கள்.

முதல் மாதம் ஒரு ஃப்ரெஷருக்கு என்ன நடக்கிறது? கையில் ஒரு எக்செல் ஷீட் வரும், மீடியா லிஸ்ட். அதில் இருக்கிற நிருபர்களில் பலர் பீட் மாறியிருப்பார்கள், சிலர் பத்திரிகையே மாறியிருப்பார்கள், ஒன்றிரண்டு பேர் ரிட்டையர் ஆகியிருப்பார்கள். அந்த ஷீட்டை யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள். "எல்லாருக்கும் போன் போட்டு ஃபாலோ-அப் பண்ணு" என்று ஒரு வரி உத்தரவு மட்டும் கிடைக்கும். அந்தப் பிள்ளையும் சாயங்காலம் ஆறரை மணிக்கு வரிசையாக போன் போடும். "சார், மெயில் அனுப்பியிருந்தேன், பார்த்தீங்களா?" எதிர்முனையில் இருப்பவர் அன்றைய செய்தியை அடித்து டெஸ்க்குக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் எரிந்து விழாமல் என்ன செய்வார்? இப்படிப் பத்துப் பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டால், மறுநாள் போனை எடுக்கவே அந்தப் பிள்ளைக்குக் கை கூசும். ஒரு வருடம் முடிவதற்குள் தொழிலை விட்டுப் போகிறவர்களில் பலரை விரட்டுவது இந்த போன்தான். அவர்களுக்குத் திறமை இல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை என்பதுதான் உண்மை.

என் டீமில் முதல் இரண்டு வாரம் யாரும் நிருபருக்கு போன் போடக் கூடாது. காலையில் வந்ததும் பேப்பர் படிக்க வேண்டும், அதுவும் அச்சுப் பேப்பர். தினத்தந்தி, தினமலர், தினமணி, இந்து தமிழ் திசை, கூடவே ஆங்கிலப் பேப்பர்கள். எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் வந்தது, யார் பெயரில் வந்தது, மாவட்டப் பக்கத்துக்கு எது போனது, வணிகப் பக்கத்துக்கு எது போனது என்று குறித்துவைக்க வேண்டும். வெப்சைட்டில் படித்தால் எந்தச் செய்திக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பதே தெரியாது. மூன்றாவது வாரம் நான் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். நான்காவது வாரம் அவர்கள் பேசுவார்கள், நான் பக்கத்தில் இருப்பேன். வேகமான முறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பலன் தெரியும். ஒரு பையன் தன் முதல் போனை இப்படி ஆரம்பித்தான்: "சார் வணக்கம். போன வாரம் புறநகர் ஏரிகளைப் பத்தி எழுதியிருந்தீங்க. அதுல பெரும்பாக்கம் பக்கம் தூர் வாரலைன்னு சொல்லியிருந்தீங்க. அங்கதான் எங்க க்ளையன்ட் ஒரு வேலை ஆரம்பிச்சிருக்காங்க, இப்போ பேசலாமா, அப்புறம் கூப்பிடட்டுமா?" அந்த நிருபர் லேசில் யாருக்கும் பிடி கொடுக்காதவர். "சொல்லு தம்பி" என்றார். தான் எழுதியதை எதிரே இருப்பவன் படித்திருக்கிறான் என்று தெரிந்தால் எந்த நிருபரும் ஒரு நிமிடம் தருவார். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இரண்டு வாரப் பேப்பர் படிப்பு.

பிரஸ் நோட் எழுதச் சொல்லித் தருவதும் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி டயாலிசிஸ் மையம் திறந்தது. சேர்ந்து சில வாரமே ஆன பெண் முதல் பத்தியை இப்படி எழுதிக்கொண்டு வந்தாள்: "இந்தியாவின் முன்னணி மருத்துவச் சேவை நிறுவனங்களில் ஒன்றான எங்கள் மருத்துவமனை, உலகத்தரம் வாய்ந்த அதிநவீன டயாலிசிஸ் மையத்தைத் தொடங்குவதில் பெருமிதம் கொள்கிறது." அவளைக் குறை சொல்ல முடியாது. ஃபைலில் இருந்த பழைய நோட் எல்லாம் அப்படித்தான் இருந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. "இந்த மையத்தால யாருக்கு என்ன மாறுது, அங்க இருக்கிற நர்ஸுக்கு போன் போட்டுக் கேளு" என்றேன். அரை மணி நேரம் கழித்து முகமெல்லாம் மலர்ந்து வந்தாள். மையம் இரவிலும் இயங்குமாம். டயாலிசிஸ் வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். பகலில் வந்தால் கூலி வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் மூன்று நாள் சம்பளம் போய்விடும். இந்தத் தகவல் க்ளையன்ட் அனுப்பிய குறிப்பில் ஐந்தாவது பத்தியில் '24 மணி நேர வசதி' என்று ஒளிந்துகொண்டிருந்தது. அவள் திருத்திய நோட் இப்படித் தொடங்கியது: "விழுப்புரத்தில் சிறுநீரக நோயாளிகள் இனி ஒரு நாள் கூலியை இழக்காமல் இரவிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம்." முதலில் எழுதிய பத்தியை இன்றைக்குச் சாட்ஜிபிடி நொடியில் எழுதித் தந்துவிடும். இரண்டாவதை எழுத அந்த நர்ஸிடம் பேசியாக வேண்டும். ஏ.ஐ. வந்தால் எங்களுக்கு வேலை இருக்குமா என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் இந்த இரண்டு பத்திகளையும்தான் காட்டுகிறேன்.

இதெல்லாம் கைவேலை. யாராவது பொறுமையாகச் சொல்லித் தந்தால் ஆறு மாதத்தில் வந்துவிடும். க்ளையன்டிடம் முடியாது என்று சொல்வது அப்படி வராது. நான் பின்னால் நிற்பது என்று சொன்னது இந்த இடத்துக்காகத்தான்.

மூலிகைப் பொருள் தயாரிக்கிற ஒரு கம்பெனி. சர்க்கரை நோயை வேரோடு குணப்படுத்தும் என்று பிரஸ் நோட் வேண்டும் என்றார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்தான் அந்த அக்கவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி அவளுக்கே நேராக போன் செய்து, "நாங்க காசு கொடுக்கறோம், சொன்னதை எழுதித் தாம்மா" என்றிருக்கிறார். அவள் என்ன செய்வாள்? அவர் வயது அவள் அப்பா வயது. அவர் தருகிற ரிட்டெய்னரில்தான் அவள் சம்பளமும் அடக்கம். தப்பு என்று அவளுக்குத் தெரிகிறது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. நம் வீடுகளில் பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்த்த பிள்ளைகளை, முதல் வேலையில் ஒரு எம்.டி.யிடம் தனியாக மோத விடுவது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

அவளையும் வைத்துக்கொண்டு நானே அவரிடம் பேசினேன். ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் அதில் உண்டு, சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாம் அதில் வரும். விளம்பரம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கமும் அகலமானது. நோட்டீஸ், சுற்றறிக்கை, லேபிள் எல்லாம் அதற்குள் அடங்கும். இதைச் சொல்லிவிட்டு, "சார், இதைப் போட்டா நாளைக்கு உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும். உங்க பொருள்ல என்ன சேர்க்கறீங்க, எந்த விவசாயிகிட்ட வாங்கறீங்க, அதை எழுதறோம், அது நல்ல ஸ்டோரி" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் அந்த அக்கவுண்ட் போய்விட்டது. அந்தக் காலாண்டு எங்கள் டீமுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாள் என்று பாருங்கள். முடியாது என்பதற்குக் காரணம் சொன்னோம். பதிலுக்கு வேறொன்றைக் கொடுத்தோம். போனில் பேசியதை அன்றைக்கே மெயிலிலும் எழுதி அனுப்பினோம். அக்கவுண்ட் போனதற்கு அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். சின்னவள் சரியாக நடந்ததற்கு அவள் அப்ரைசலில் கை வைத்தால், அப்புறம் நேர்மையைப் பற்றி எத்தனை பவர்பாயின்ட் போட்டுக் காட்டினாலும் அவள் நம்ப மாட்டாள்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிடுவேன். பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனியின் காலாண்டு முடிவு வெளிவருவதற்கு முன்பே நம் கையில் வரும். அதை வைத்துத் தானும் ஷேர் வாங்கக் கூடாது, அண்ணனுக்கும் மாமாவுக்கும் சொல்லவும் கூடாது. செபியின் 2015 விதிகள் இதில் கடுமையானவை, தெரியாமல் செய்தேன் என்பது அங்கே எடுபடாது. இன்னொன்று, பிரஸ் மீட் முடிகிற நேரத்தில் நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்கும் வேலை. சில இடங்களில் அதை ஃப்ரெஷர் தலையில் கட்டிவிடுவார்கள். என் பிள்ளைகள் யாரும் அந்தக் கட்டைத் தொட மாட்டார்கள். நிருபர்கள் அப்படி எதுவும் வாங்கக் கூடாது என்று பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையே சொல்கிறது. கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற நிருபர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கிற நிலைமையை ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் தர வேண்டும்?

பிள்ளைகளோடு டீ குடிக்கும்போது ஐவி லீ கதையைச் சொல்வேன். பி.ஆர். பாடப் புத்தகம் எல்லாமே அவரிடமிருந்துதான் தொடங்கும். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில், பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தக் காலத்து ரயில்வே கம்பெனிகள் விபத்தை மூடி மறைப்பதுதான் வழக்கம். பென்சில்வேனியா ரயில்ரோடுக்கு வேலை பார்த்த லீ, நடந்ததை எழுதி எல்லாப் பத்திரிகைகளுக்கும் கொடுத்தார், நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப்போகவும் வைத்தார். முதல் பிரஸ் ரிலீஸ் என்று பலரும் சொல்வது அதைத்தான். கல்லூரிகளில் பெரும்பாலும் இந்தப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மறுபாதி 1914-இல் வருகிறது. கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கி எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். சுரங்கக் கம்பெனியின் முதலாளிகளான ராக்ஃபெல்லர் குடும்பம் லீயை அழைத்தது. அவர் கம்பெனி சார்பாகத் துண்டறிக்கைகளை வெளியிட்டார், அதில் பல தகவல்கள் தப்பு. மறுவருடம் விசாரணைக் குழு முன்னால், கம்பெனி கொடுத்த தகவல்களைச் சரிபார்க்கத் தான் எதுவும் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார். எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'பாய்ஸன் ஐவி' என்று பெயர் வைத்தார், அந்தப் பெயர் கடைசி வரை போகவில்லை. 1906-இல் அவ்வளவு தெளிவாக இருந்த மனிதர் எட்டு வருடத்தில் அங்கே போய் நின்றார். அனுபவம் வந்துவிட்டால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். தகவலைச் சரிபார்ப்பதை ஒவ்வொரு நோட்டுக்கும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

சமீபத்து உதாரணம் வேண்டுமென்றால் 2017-இல் லண்டனின் பெல் பாட்டிஞ்சர் என்ற பி.ஆர். கம்பெனி. தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தின் கம்பெனிக்காக அவர்கள் நடத்திய பிரசாரம் அங்கே இனப் பகையைக் கிளறிவிட்டது என்று தெரியவந்து, பிரிட்டனின் பி.ஆர். சங்கம் அவர்களை நீக்கியது. அதற்குப் பிறகு சில நாட்களிலேயே பெல் பாட்டிஞ்சர் திவால் நடவடிக்கைக்குப் போனது. அந்த அக்கவுண்டைக் கண்ணால்கூடப் பார்க்காத ஊழியர்களும் சேர்ந்துதான் வேலை இழந்தார்கள். மேலே யாரோ ஒருவர் முடியாது என்று சொல்லாததற்குக் கீழே இருந்த அத்தனை பேரும் விலை கொடுத்தார்கள்.

அடுத்தது, ஆங்கிலம். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். தஞ்சாவூர், திருநெல்வேலி, தர்மபுரி பக்கமிருந்து வருகிற பிள்ளைகளை இன்டர்வியூவிலேயே இரண்டாம் தரமாகப் பார்க்கிறார்கள். க்ளையன்ட் மீட்டிங்கில் பின்வரிசை நாற்காலி, நோட்ஸ் எடுக்கிற வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் க்ளையன்ட் ஒருவர் நிவாரணம் கொடுக்க முன்வந்தார். சென்னையில் ஒரு ஸ்டார் ஹோட்டலில் பிரஸ் மீட், பெரிய அட்டையில் செக், மேடையில் போட்டோ என்று திட்டம். மீட்டிங் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்திருந்த எங்கள் டீம் பெண் வாயே திறக்கவில்லை. வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோதுதான் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எங்க ஊர்ல இப்போ பணத்தைவிட மரம் அறுக்கற மிஷின்தான் வேணும். தோப்பு முழுக்க தென்னை சாஞ்சு கிடக்கு. அதை அப்புறப்படுத்தாம ஒரு கன்னுகூட வைக்க முடியாது. இப்ப வச்சாலே காய்க்க ஆறேழு வருஷம் ஆகும்."

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு க்ளையன்டிடம் போனேன். "இவங்க பேசுவாங்க, தமிழ்ல பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு நான் சும்மா உட்கார்ந்துகொண்டேன். அவர்களும் தமிழர்கள்தானே, முந்தின நாள் எல்லாரும் எதற்காக ஆங்கிலத்தில் பேசினோம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. அவள் தன் சித்தப்பா தோப்பில் எத்தனை மரம் போனது என்று ஆரம்பித்து, ஒரு மரத்தை அறுத்து ஒதுக்க என்ன கூலி கேட்கிறார்கள் என்பது வரை சொன்னாள். ஹோட்டல் பிரஸ் மீட் நின்றது. அந்தச் செலவும் சேர்ந்து மரம் அறுக்கும் மிஷின்களாகவும் ஆள் கூலியாகவும் ஊருக்குப் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தாலுகா நிருபர்களை அவளே தோப்புக்கு அழைத்துப்போனாள். விவசாயிகள் பேசியது செய்தியாக வந்தது, க்ளையன்ட் பெயர் அதில் ஒரு வரிதான். அந்த ஒரு வரியைத்தான் அவர்கள் ஃப்ரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் தொழிலுக்குள் வராமல் தடுப்பது சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப். சென்னையில் வீடு இருக்கிற பிள்ளை மூன்று மாதம் சும்மா வேலை பார்க்கும். வெளியூர்ப் பிள்ளைக்கு ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ், ட்ரெயின் எல்லாம் யார் தருவார்கள்? அப்படியே வந்தாலும் பேப்பர் கட்டிங்கை ஸ்கேலில் அளந்து, சதுர சென்டிமீட்டரை விளம்பர ரேட்டால் பெருக்கி, கவரேஜ் ரிப்போர்ட்டில் ஒரு பெரிய தொகையைப் போடுகிற வேலைதான் கிடைக்கும். இந்தக் கணக்கு பி.ஆர். வேலையின் மதிப்பைக் காட்டாது என்று 2010-லேயே பார்சிலோனாவில் கூடிய இந்தத் தொழில்காரர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். இன்னும் நம் ஆபீஸ்களில் பிள்ளைகள் ஸ்கேலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அவர்களை ஒரு நியூஸ் ரூமுக்கோ, சேப்பாக்கம் பிரஸ் கிளப்பில் நடக்கிற ஒரு பிரஸ் மீட்டுக்கோ அழைத்துப் போங்கள். மாதாமாதம் உதவித்தொகையும் கொடுங்கள். ஒரு க்ளையன்ட் டின்னருக்கு ஆகிற செலவுகூட அதற்கு ஆகாது.

இதையெல்லாம் சொன்னால் சக சீனியர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "நாம கத்துக் கொடுப்போம், ஒரு வருஷத்துல வேற இடத்துக்குப் போயிடுவாங்க. என்ன லாபம்?" போவார்கள்தான். பாதிப் பேர் க்ளையன்ட் பக்கமே போவார்கள், கம்பெனிகளின் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் டீமுக்கு. நாளைக்கு நமக்கு பிரீஃப் கொடுக்கிற நாற்காலியில் அவர்கள்தான் உட்காருவார்கள்.

அந்தச் சர்க்கரை நோய் போனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர். சில மாதம் முன்னால் ஒரு ஆபரேஷன் பற்றி நோட் அனுப்ப வேண்டியிருந்தது. 'தென்னிந்தியாவில் முதல்முறையாக' என்ற வரியைப் போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அவள் எனக்கு போன் செய்தபோது வேலை முடிந்திருந்தது. "தேடிப் பார்த்தேன் அக்கா, கோயம்புத்தூர்ல ஏற்கெனவே பண்ணியிருக்காங்க. டாக்டர்கிட்ட நானே பேசி அந்த வரியை எடுத்துட்டேன். அந்த பேஷன்ட் நூறு நாள் வேலைக்குப் போற அம்மா, காப்பீட்டு அட்டையிலதான் ஆபரேஷன் நடந்திருக்கு. அதை முதல் பத்தியில வச்சிருக்கேன். அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கியாச்சு. மெயில் அனுப்பியிருக்கேன், நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு மேல ரிப்போர்ட்டர்ஸைக் கூப்பிடுங்க."